ஆங்கிலேயர் ‘கொஞ்சம் சிக்கல்’ என்றால்

மதுரை

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தியும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் மகளின் மனக்கலக்கமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. குழந்தைக்கு எங்கள் இருவரின் ஆசிகள். மகள் விஷயத்தைத்தான் சற்று விரிவாக எழுத வேண்டும். அவள் தயாரித்த அறிக்கையைப் பார்த்த மேலாளர் ‘நாட் ஐடியல்’ (அவ்வளவு உகந்ததல்ல) என்று மட்டும் குறிப்பெழுதி அனுப்ப, அவள் அதைச் சிறு குறை என்று எடுத்துக்கொண்டு ஓரிரு வரிகளைத் திருத்திக் கொடுத்ததும், பிறகு முழு அறிக்கையையும் புதிதாக எழுத நேர்ந்ததும் எனக்கு வியப்பளிக்கவில்லை. பாதகமானதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள், எது எவ்வளவு மோசம் என்று எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறாய். அகராதியைப் புரட்டி இதை அறிய முடியாது. படித்த ஆங்கிலேயர்களில் ஒரு சாரார், நிலைமை மோசமாக ஆக ஆகச் சொல்லைச் சிறிதாக்குவதையே நாகரிகமாகப் பழகியவர்கள்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1982 ஜூன் 24 அன்று இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. போயிங் 747இன் நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. அப்போது கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் சொன்னதன் சாரம் இது: ஒரு சிறிய பிரச்சினை ஏற்பட்டிருக்கிறது, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றை மறுபடி இயக்க எங்களால் ஆன மட்டும் பாடுபடுகிறோம், நீங்கள் அதிகம் கலங்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விமானம் வெகுதூரம் கீழே இறங்கிய பிறகு இன்ஜின்கள் உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார். ‘ஸ்மால்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிறிய சொல்லை ஒட்டியே நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்ட உண்மையை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டதால், யாரும் ஏமாறவில்லை.

உண்மையைச் சொல்லாமல் சிறிய சொல்லை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியப் போரை எடுத்துக்கொள். 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனைத் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை என்ன என்று அவர்களுக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதி கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் புரோடி ‘கொஞ்சம் ஸ்டிக்கி’ (கொஞ்சம் சிக்கல்) என்று பதில் சொன்னதாக இன்றளவும் சொல்லப்படுகிறது. ஓர் ஆங்கிலேயர் காதில் அது ‘அழிவு நெருங்கிவிட்டது’ என்று விழுந்திருக்கும். அமெரிக்கரோ, சமாளித்துக்கொள்கிறார்கள் போலும் என்று எண்ணிவிட்டார். பின்வாங்க உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. அந்தப் பட்டாலியனில் மிகப் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். ஒரே மொழி பேசும் இரண்டு அதிகாரிகளுக்கு இடையிலேயே இப்படி என்றால், உன் மகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடக்கத்தால் சிறுக்கும் சொல்லை மன்னித்துவிடலாம். கணக்குப் பார்த்துச் சிறிதாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலாயாவில் 1948 முதல் 1960 வரை பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களோடு நடத்தியது போரேதான்; ஆனால் அதற்கு இட்ட பெயர் ‘எமர்ஜென்சி’. போர் என்று அறிவித்தால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் ஏற்படும் சேதத்துக்கு லண்டன் காப்பீட்டாளர்கள் இழப்பீடு தரமாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் நம்மவர்கள் என்பது உனக்குத் தெரியாததா? ஆயிரக்கணக்கானோர் மாண்டுபோன பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, தீயணைப்பு வண்டியை அழைக்கும் அளவுக்கு ஒரு பெயர்.

என் பக்கத்துச் செய்தியும் இதே விஷயம்தான். ஓய்வுக்குப் பிறகு மருந்து ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கிக் கொடுத்து வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே ‘அட்வர்ஸ் ஈவென்ட்’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வரும். மருந்து உட்கொண்டபின் ஒருவருக்கு நேரும் எந்தக் கெடுதலும் அதில் அடங்கும், மருந்துதான் காரணமா என்று தெரியாவிட்டாலும் சரி. மருந்தின்மேல் நியாயமான சந்தேகம் எழுந்தால் மட்டும் அது ‘அட்வர்ஸ் ரியாக்ஷன்’. ஆய்வுக்கு வந்தவர் பேருந்து மோதிக் கால் முறிந்து படுத்தாலும் முதல் கணக்கில் எழுதியே தீரவேண்டும். இதைவிட நுட்பமானது ‘சிவியர்’, ‘சீரியஸ்’ இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. தாங்க முடியாத தலைவலி சிவியர் ஆகலாம், ஆனால் சீரியஸ் ஆகாது. உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை, நீங்காத ஊனம் போன்றவை நேர்ந்தால்தான் சீரியஸ். ‘ஆள் சீரியஸாக இருக்கிறார், உடனே புறப்பட்டு வாருங்கள்’ என்று நம் ஊரில் தொலைபேசியில் சொல்பவர் இந்த விதியைப் படிக்காமலே சரியாகப் பின்பற்றுகிறார் என்று நினைத்து, சென்ற மாதம் ஒரு படிவத்தைத் திருத்தும்போது தனியே சிரித்துக்கொண்டேன். வறண்ட சொற்கள்தாம், இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்து வைத்திருப்பதால் எனக்கு அவற்றின்மேல் மதிப்பு உண்டு.

‘டிசாஸ்டர்’ என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தாய். அச்சொல் கெட்ட நட்சத்திரம் என்ற பொருளிலிருந்து வந்தது. ஏழரைச் சனி என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இன்று அதைச் சொல்பவர் எவரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

மகளுக்கு என் யோசனை இதுதான். அந்த மேலாளர் இனி ‘நாட் ஐடியல்’ என்றோ, ‘சில சிறு கருத்துகள் உண்டு’ என்றோ எழுதினால், அந்தச் சொல்லைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்தப் பகுதியை மாற்ற வேண்டும், எந்தத் தேதிக்குள், மாற்றாமல் அனுப்ப முடியுமா என்ற மூன்றையும் கேட்டு அன்றே பதில் எழுதட்டும். கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாராட்டிலும் இதே விளையாட்டு உண்டு என்பதையும் சொல்லிவை: ‘நாட் பேட்’ (மோசமில்லை) என்று அவர் எழுதினால், அன்று வீட்டில் பாயசம் வைக்கலாம்.

அவளுக்கு வரும் கடிதங்களில் இப்படிப்பட்ட தொடர்கள் இன்னும் இருந்தால், ஆள் பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு எழுதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்