செயலாளர் ஆண்டறிக்கை: ‘ஆஸ்பத்திரி லாரி’யை அடையாளம் கண்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், சனிக்கிழமை தவறாமல் செந்தூல் பட்டறைக்கு வந்து உழைக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் முதல் இன்று வரை, பழைய ராணுவ வாகனங்களை அடையாளம் கண்டு புதுப்பிக்கும் நம் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு இரண்டு மூத்த உறுப்பினர்களை இழந்தோம். அவர்களில் ஒருவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஸ்பானர் பெட்டியைக் குடும்பத்தார் நம் பட்டறைக்கே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்பானரின் கைப்பிடியிலும் தம் பெயரின் முதலெழுத்தை அவர் தம் கையாலேயே பொறித்திருக்கிறார். அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டாம், எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பது அவர் மனைவியாரின் வேண்டுகோள். அப்படியே செய்து வருகிறோம்.

செயலவைக் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுப் படிவத்தை உரிய காலத்தில் அனுப்பிவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இனி வாகனத்துக்கு வருகிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றின் கொட்டகையிலிருந்து நாம் கொண்டு வந்த ஆஸ்டின் வண்டியை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கூண்டு அறுக்கப்பட்டு, பலகைத் தட்டு பொருத்தப்பட்டு, எஞ்சின் இருந்த இடத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்த வண்டி அது. வாங்கும்போதே ஒரு வாதம் எழுந்தது. போர்க்கால ஆஸ்டின் கே-2 ஆம்புலன்ஸும் கே-30 என்ற சாதாரண ராணுவ லாரியும் முன்பக்கத்தில் உடன்பிறந்தவை போல இருக்கும். போருக்குப் பிந்திய ஆஸ்டின் லாரிகளும் அதே சாயல்தான். கூண்டு இல்லாத நிலையில் எது எது என்று எப்படிச் சொல்வது?

முதல் தடயம் இயந்திரத்தில் இல்லை, ஒரு பாட்டியின் வாயில் இருந்தது. வண்டியை இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலம் முதல் அங்கேயே வாழும் ஒரு மூதாட்டி வந்து, “ஆஸ்பத்திரி லாரியை எங்கே கொண்டு போகிறீர்கள்?” என்று கேட்டார். அது ரப்பர் பால் ஏற்றிய லாரிதானே என்றோம். “ஆமாம், பால்தான் ஏற்றும். ஆனால் நான் கல்யாணமாகி வந்த நாளிலேயே அதற்கு அதுதான் பேர்” என்றார். ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பேச்சை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். சாட்சியம் என்று எதை எண்ண வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் அடுத்ததாக நாம் ஒரு பெருந்தவறு செய்தோம். அதை மறைக்காமல் பதிவு செய்வது செயலாளரின் கடமை. இடப்பக்கத்து பானெட் தகட்டை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய வெளியே அனுப்பினோம். வெள்ளி போலப் பளபளத்து வந்தது. அதிலிருந்த வண்ண அடுக்குகள் அத்தனையும் போயிருந்தன. சுத்தம் செய்தவர் சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆராயாமல் அனுப்பியது செயலவையின் பிழை, முதற்கண் என் பிழை. அன்று முதல், எந்தப் பகுதியையும் படம் எடுத்து, குறிப்பெழுதி, இருவர் கையெழுத்திட்ட பிறகே சுத்தம் செய்வது என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.

எஞ்சியது வலப்பக்கத் தகடு. அதை நான்கு சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், தண்ணீரில் நனைத்த நயமான உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்தோம். தோட்டத்தார் பூசிய மஞ்சள் முதலில் போனது. அதன் கீழே சாம்பல், பிறகு நீலம். நீலத்துக்கு அடியில் பளபளப்பான கரும்பச்சை. அதற்கும் அடியில் மங்கிய ஆலிவ் பச்சை. அதன் கீழே செம்பழுப்பு பிரைமர், பிறகு வெறும் இரும்பு. மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு நிறமும் ஒரு கோடாக விளிம்பில் நின்றது. மூன்றாம் சனிக்கிழமை மாலை, ஆலிவ் பச்சையின் மேல் வெள்ளையாக ஒரு சாய்கோடு தெரிந்தது. யாரும் பேசவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த இளைஞரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்ட நம் மூத்த உறுப்பினர், வெறும் விரலால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். இரண்டாவது சாய்கோடு வந்தது. குறுக்கே ஒரு கோடு. ஆங்கில எழுத்துகளில் முதலெழுத்து.

போர்க்காலப் பிரிட்டிஷ் படையில் வாகன எண்ணுக்கு முன்னால் வகையைக் காட்டும் எழுத்து ஒன்று இருக்கும். லாரி என்றால் ‘எல்’, மோட்டார் சைக்கிள் என்றால் ‘சி’, டாங்கி என்றால் ‘டி’. ‘ஏ’ என்பது ஆம்புலன்ஸுக்கு உரியது. எழுத்தைத் தொடர்ந்து வந்த இலக்கங்களில் கடைசி இரண்டு துருவில் போய்விட்டன. அவை இடப்பக்கத்துத் தகட்டில் முழுமையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மற்றவை ஒவ்வொன்றாகக் கூடின. தோட்டத்துச் சாமான் அறையில் அலமாரியைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு இரும்புச் சட்டங்களை நம் பொருளாளர் சந்தேகப்பட்டுக் கேட்டு வாங்கி வந்தார். அவை ஸ்ட்ரெட்சர் சறுக்கிச் செல்லும் தடங்கள். கே-2வின் கூண்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு ஸ்ட்ரெட்சர்கள் வைக்கலாம். படுக்க வேண்டாதவர்கள் என்றால் பத்துப் பேர் உட்காரலாம். அந்தக் கூண்டை வடிவமைத்தது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படை. கட்டியது நாரிச் நகரத்து மேன் எகர்ட்டன் நிறுவனம். ஓட்டுநர் இறங்காமலே உள்ளே போய் நோயாளியைப் பார்ப்பதற்கு நடுவில் ஒரு வழி உண்டு. ஓட்டுநர் பக்கத்தில் இரும்புக் கதவு கிடையாது, கித்தான் திரைதான். 1945இல் இளவரசி எலிசபெத் ராணுவச் சீருடையில் பயிற்சி பெற்றபோது எடுத்த படங்களில் நிற்பது இதே வகை வண்டி. போர் முடிவதற்குள் 13,000க்கு மேல் செய்தார்கள்.

இங்கேதான் சங்கத்துக்குள் மனவருத்தம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். நம் மூத்த உறுப்பினரின் தந்தையார் 1941 டிசம்பரில் வடக்கேயிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர். டிசம்பர் 8 கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது முதல் ஜனவரி 11 கோலாலம்பூர் விழுந்தது வரை, அந்த ஐந்து வாரப் பின்வாங்கலின் கதை அவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. இந்த வண்டி அந்தப் பின்வாங்கலில் ஓடிய வண்டியாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1941ஆம் ஆண்டு வண்ணமும் படைப்பிரிவுக் குறியும் பூசி நிறுத்தலாம் என்று பல உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ஆனால் வண்ணம் வேறு சொல்கிறது. 1941இல் பிரிட்டிஷ் வாகனங்களுக்குக் காக்கிப் பச்சை. 1942 முதல் பழுப்பு. ஆலிவ் பச்சை வந்தது 1944இல்தான். நம் வண்டியில் பிரைமருக்கு மேலே நேரே ஆலிவ் பச்சை இருக்கிறது. பட்டறையில் சுரண்டிப் புதுப்பித்திருந்தால்கூட, தகட்டின் மடிப்புகளிலும் ஆணித் தலைகளின் அடியிலும் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பதினோரு இடங்களில் பிரித்துப் பார்த்தோம். ஓரிடத்திலும் பழுப்போ காக்கியோ இல்லை. ஆகவே இது 1944 அல்லது அதற்குப் பின் செய்த வண்டி. மலாயாவுக்கு வந்தது படை திரும்பி வந்த 1945க்குப் பிறகு. முன் பம்பரில் கரும்பச்சையின் மேல் பாதி தெரிந்த இன்னோர் எண்ணும் கிடைத்தது: இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம். அது 1949க்குப் பிந்திய ராணுவப் பதிவு முறை. கம்யூனிஸ்ட் போராளிகளை எதிர்த்துப் படை போரிட்ட மலாயா அவசரகாலத்தில் (1948–60) இந்த வண்டி இங்கே பணியில் இருந்திருக்கிறது. படை கழித்துக் கட்டிய பிறகே தோட்டத்துக்குப் போயிருக்கிறது. பாட்டி சொன்ன பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

இதைச் செயலவையில் நான் விளக்கியபோது மூத்த உறுப்பினர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்பா ஓட்டாத வண்டிக்கு அப்பாவுடைய குறியைப் போட வேண்டாம்” என்றார். ஆலிவ் பச்சையும் ‘ஏ’ எண்ணும் பூசுவது, தெரியாத இரண்டு இலக்கங்களின் இடத்தை வெறுமையாக விடுவது, எந்தப் படைப்பிரிவுக் குறியும் போடாதிருப்பது என்று ஒருமனதாக முடிவானது. முன்மொழிந்தவரும் அவரே.

அந்த முடிவுக்குப் பின் அவர் கேட்டுக்கொண்டபடி தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போய் வந்தோம். சாலையின் ஒருபுறம் கிறிஸ்தவர் கல்லறைகள், மறுபுறம் இந்து, முஸ்லிம் வீரர்களுடையவை. 850க்கு மேற்பட்ட இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளில் பாதிக்கும் மேல் பெயர் அறியப்படாதவை. அவர் தம் தந்தையாரின் பழைய டார்ச் விளக்கை எடுத்து வந்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தார். திரும்பும் வழியில் மோரிப் கடற்கரைக்கும் போக வேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். நேரமாகிவிட்டதால் அது மறு மாதம் நடந்தது. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் படை திரும்பி வந்து இறங்கியபோது மணலுக்கு அடியிலிருந்த சேற்றில் வாகனங்கள் புதைந்த கரை அது. நீர் வற்றிய நேரத்தில் நாமே கணுக்கால் வரை இறங்கினோம்.

வெளியிலிருந்து அடையாளம் கேட்டு வந்தவர்களுக்கும் இந்த ஆண்டு உதவினோம். பினாங்கிலிருந்து ஒருவர் ‘ஜப்பான்காரன் காலத்து ஆம்புலன்ஸ்’ என்று படம் அனுப்பினார். அது ஆஸ்டின் கே-9. நான்கு சக்கரமும் இழுக்கும் 1950களின் வண்டி. ஈப்போவில் ஒரு டாட்ஜ் வண்டியில் சிவப்புச் சிலுவை பூசியிருந்தார்கள். அளவு நாடாவே போதுமாயிற்று: அமெரிக்க டபிள்யூ.சி.-54 ஆம்புலன்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 121 அங்குலம் இருக்க வேண்டும். இதற்கு 98. அது ஆயுதம் ஏற்றும் டபிள்யூ.சி.-51. உரிமையாளர் வருத்தப்பட்டாலும் நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

சிலுவைக் குறி பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். 1962ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அந்தக் குறியை அனுமதியின்றி யாரும் பயன்படுத்தக் கூடாது. பழைய வண்டிதானே என்று சலுகை எடுத்துக்கொள்வது சரியல்ல. போர்க்களத்தில் அதைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்க வேண்டும் என்பதற்காக உலகம் காத்து வரும் அடையாளம் அது. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரும் வரை சிலுவை பூசப்படாது. வந்த பிறகும், காட்சிக்கு நிற்கும்போது தவிர மற்ற நேரங்களில் கித்தான் மூடி போட்டே வைப்போம்.

எஞ்சின் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. 3,462 சி.சி., ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் கட்டை (பிளாக்) ஒன்று போருக்குப் பிந்திய ஆஸ்டின் லாரியிலிருந்து கிடைத்திருக்கிறது. கூண்டின் மரச்சட்டத்தில் எஞ்சியிருந்த அடிப்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. மெராந்தி மரத்தில் புதிதாகச் செய்கிறோம். பழைய துண்டுகளை எறியவில்லை, எண்ணிட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

பின்கதவுகளின் கீல்கள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கொட்டகைகளில், கோழிக் கூண்டுகளில், பழைய வேலிக் கதவுகளில் அகலமான இரும்புக் கீல் எதையாவது பார்த்தால், கழற்ற வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
கோலாலம்பூர்