காதுத் தோட்டையும் விடாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஏதென்ஸ் கட்டுரையில் "முப்பதின்மர் ஆட்சி எட்டே மாதத்தில் முடிந்த சிறு இடையூறு" என்று ஒரு வரி. படித்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

கி.மு. 404-ல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஊரில், ஸ்பார்ட்டாத் தளபதி லைசாண்டர் மிரட்டி உட்காரவைத்த முப்பது பேரின் ஆட்சி அது. தங்களுக்குத் தெரியாததல்ல. சட்டம் எழுத வந்தவர்கள், மூவாயிரம் பேருக்கு மட்டும் உரிமை என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாதவரை விசாரணையின்றிக் கொல்லலாம். 1,500 பேர் செத்தார்கள். முப்பதின்மரில் ஒருவரான தெரமெனிஸே எதிர்த்துப் பேசியதும், அவர்கள் தலைவன் கிரிட்டியாஸ் அவர் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டு விஷம் குடிக்கவைத்தான். பத்தாண்டுப் போரில் பகைவர் கொன்றதைவிட அநேகமாக அதிகம் பேரை இவர்கள் கொன்றார்கள் என்று அந்தக் காலத்து மனிதர் ஒருவர் சொன்னதை கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதிவைத்திருக்கிறார். இதுவா சிறு இடையூறு?

28 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஏதென்ஸில் குடியேறிய குடும்பத்துப் பேச்சாளர் லிசியாஸ், தன் அண்ணன் சாவுக்கு நியாயம் கேட்டுப் பேசிய வழக்குரையை வருடா வருடம் வகுப்பில் சொல்வேன். முப்பதின்மருக்குப் பணம் தேவைப்பட்டது. ஊரில் குடியேறிய வெளியூர்க்காரர்களில் பத்துப் பேரைப் பிடிக்க முடிவு செய்தார்கள். பணத்துக்காக இல்லை என்று காட்ட, அதில் இரண்டு ஏழைகளையும் சேர்த்தார்கள். லிசியாஸ் தப்பினார்; அண்ணன் பொலிமார்க்கஸ் தப்பவில்லை. குற்றம் என்னவென்றே சொல்லாமல் விஷம் கொடுத்தார்கள். 700 கேடயங்களை அள்ளினார்கள். பொலிமார்க்கஸ் மனைவியின் காதில் கிடந்த தங்கத் தோட்டைக்கூடப் பிடுங்கினார்கள். மூன்று வீடு இருந்தும் பிணத்தை வாடகைக் கொட்டகையில் கிடத்தவேண்டியிருந்தது. போர்த்தத் துணியும் தலையணையும் நண்பர்கள் கொடுத்தவை. ஒரு வருடம், முன்பெஞ்சு மாணவி தோடு என்றதும் தன் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குழந்தைக்குப் புரிந்தது, தங்கள் கட்டுரையாளருக்குப் புரியவில்லையே என்பதுதான் வருத்தம்.

அப்புறம், அது தானாக "முடியவும்" இல்லை. ஏதென்ஸ் தளபதி திராசிபுலஸ் எழுபது பேரோடு ஃபைலே கோட்டையைப் பிடித்து, உயிரைப் பணயம் வைத்துப் போராடியதால் விழுந்தது.

இது முதல் தடவையும் இல்லை. ஸ்பார்ட்டா தொடரில் ஒழுக்கம், வீரம் என்று பக்கம் பக்கமாக வந்தது. அவர்களுக்காக நிலத்தில் உழைத்த ஹெலட்டுகள் என்ற அடிமை மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிலராட்சியை (ஒலிகார்க்கி) "அறிஞர் ஆட்சி" என்று மொழிபெயர்த்தீர்கள். பணக்காரர் தம் நலனுக்காக நடத்துவதே அது என்று அரிஸ்டாட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரே! அப்போது எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் மூன்று வரி மட்டும் வந்தது. பழைய வாசகன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் சரி, பொலிமார்க்கஸ் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்