மூச்சை விடச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

ஸ்கேன் அறையில் அன்று பணியில் இருந்த தம்பிக்கும், அம்மாவின் படங்களைப் பார்த்த கதிரியக்க மருத்துவர் அம்மையாருக்கும், நெஞ்சக மருத்துவர் ஐயாவுக்கும் வணக்கம்.

பெயர்களைப் போடவில்லை. போட்டால் மூவருமே கூச்சப்படுவீர்கள்.

அம்மாவுக்கு 63 வயது. ஒன்றரை வருடமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். காசநோயோ என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வேறோர் இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் தழும்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எதனால் என்று எழுதவில்லை. அந்தப் படங்களே கலங்கலானவை என்பது உங்களிடம் வந்த பிறகுதான் தெரிந்தது. மூச்சை இழு, நிறுத்து என்று அங்கே சொன்னது இயந்திரத்தில் பதிவுசெய்த ஆங்கிலக் குரல். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, இடது காதும் கேட்காது. ஸ்கேன் ஓடும்போது மூச்சு வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் முதலில் அந்தப் பதிவுக் குரலை நிறுத்தினீர்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, “ஊதாங்குழலால் அடுப்பு ஊதியிருக்கிறீர்கள் அல்லவா? அதேபோல் முழுக்க ஊதிவிட்டு, அப்படியே நிறுத்துங்கள்” என்றீர்கள். ஏழெட்டு முறை ஒத்திகை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர் சத்தம்கூடப் போட்டார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒத்திகை எதற்கென்று மருத்துவர் அம்மையார் சொன்னபோதுதான் புரிந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய சீவல்களாக நுரையீரலைக் காட்டும் எச்.ஆர்.சி.டி. என்றாலும், மூச்சை இழுத்து நிறுத்தி எடுத்த படம் பாதிக் கதைதான் சொல்லுமாம். மூச்சை வெளியே விட்டால் நல்ல நுரையீரல் சுருங்கிச் சாம்பல் நிறமாக வேண்டும். காற்று சிக்கிக்கொண்ட இடங்கள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். குப்புறப் படுக்கவைத்தும் எடுத்தீர்கள். மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்கம் வெறும் அழுத்தத்தாலேயே மங்கல் தெரியலாம். கவிழ்ந்தால் அது மறைந்துவிடும், நோய் மறையாது. அம்மாவுக்கு மறையவில்லை.

கறுப்புக்கும் கணக்கு உண்டு என்று அம்மையார் திரையில் காட்டினார். படத்தில் தெரியும் அடர்த்திக்கு ஓர் எண்: தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்த இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவுகோல் இருக்கிறதாம். அவர் மருத்துவரே அல்ல, பொறியாளர். என் மகன் பொறியியல் படிக்கிறான். அவனிடம் இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

அம்மாவின் படத்தில் வெளுத்த மங்கல், சாதாரணச் சாம்பல், விடாப்பிடிக் கறுப்பு என மூன்று சாயைகள் பக்கம் பக்கமாக இருந்தன. அறிக்கையை எழுதி முடிக்காமல், அம்மையார் வெளியே எழுந்து வந்து கேட்டார்: “வீட்டில் புறா உண்டா?”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “உண்டே! ஒன்பது வருடமாக மொட்டைமாடியில் தினமும் கம்பு போடுகிறேன். நாற்பது, ஐம்பது வரும்.”

புறா எச்சத்தின் தூசியும் இறகுத் தூளும் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் புண்பட்டிருந்தது. நெஞ்சக மருத்துவர் ஐயா மற்ற பரிசோதனைகளையும் செய்து அதை உறுதிப்படுத்தினார். ஸ்டீராய்டு மாத்திரையைவிடப் புறாக்களை விட்டு விலகுவதுதான் முதல் மருந்து என்றார். விழுந்துவிட்ட தழும்பு போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

விடியற்காலை வந்து, காத்திருந்ததற்குக் காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், மாடியை முகக்கவசத்தோடு ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்த கீழ்வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி.

ஐந்து மாதம் ஆகிறது. அம்மா படியில் உட்காராமல் ஏறுகிறார், மெதுவாக. ஆனால் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டதில் அவருக்கு இன்னும் உங்கள் மூவர்மீதும் கோபம்தான். புறாக்களுக்கென்று வாங்கிய கம்பு நான்கு கிலோ மிச்சம் இருந்தது. அதை அரைத்து அடை சுட்டு, தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். தூக்குச்சட்டியைத் திருப்பித் தர அவசரமில்லை.

நன்றியுடன்,
அம்மாவின் மகள்