முருகா, உன் பல் கறை விஷயமாக

டேய் முருகா,

நலமா? இங்கே வெயில் சாயங்காலம் ஆறு மணிக்கும் விடுவதில்லை, என் முட்டிவலியும் அப்படியே.

போன வாரம் பேத்திக்கு முதல் பால்பல் விழுந்தது. சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியலாம் என்றால் அபார்ட்மென்ட்டில் சாணிக்கு எங்கே போவது, கூரைக்குத்தான் எங்கே போவது. மொட்டைமாடித் தொட்டியில் புதைத்தோம். அதே வாரம் எனக்கு மயிலாப்பூரில் ரூட் கெனால். "எலும்பு உடைந்தால் கூடுகிறதே, சொத்தை மட்டும் ஏம்மா ஆறமாட்டேன் என்கிறது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கட்டும் செல்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயராம். பல் ஈறுக்குள் இருக்கும்போதே, நாளுக்கு ஏறக்குறைய 4 மைக்ரான் வீதம் கட்டுமாம், அதாவது ஒரு காகிதத் தடிமன் வர மூன்று நான்கு வாரம்! முதலில் சாரம் கட்டுகிற மாதிரி புரதத்தைச் சுரந்து, பிறகு அதே செல்களே அதைக் கரைத்து எடுத்துவிட்டு கால்சியமும் பாஸ்பேட்டும் நிரப்பும். கடைசியில் எடையில் 96 சதவீதம் தாதுதான். பல் வெளியே தலைகாட்டுவதற்குள் செல்கள் போய்ச் சேர்ந்துவிடும். கொத்தனார் ஊருக்குப் போன பிறகு விரிசலை யார் பூசுவது? மாடியில் என் தக்காளியைக் கடித்துவைக்கிற அணிலுக்கு மட்டும் முன்பல் ஆயுசுக்கும் வளர்வதால் அந்தச் செல்களும் ஆயுசுக்கும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்குமாம், கொடுத்துவைத்தது.

அப்புறம் அவரே உங்கள் தருமபுரிப் பேச்சை எடுத்தார். நமக்கு நிலையான முன்பல்லில் இந்த வேலை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு என்கிற உப்பு மிகுந்தால் புரதம் சரியாக வெளியேறாமல் எனாமல் சன்னத் துளைகளோடு நின்றுபோகும், பின்னால் அதில் பழுப்பு ஏறும். எனக்கு வாய் மரத்திருந்தது, நல்லவேளை. ஹாஸ்டலில் உனக்குக் காவிப்பல் என்று பேர் வைத்தவனே நான்தானே, பிறந்தநாளுக்குப் பல்பொடி டப்பா கொடுத்ததும் நான்தான். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். குரூப் போட்டோவில் நீ மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், நேற்றுதான் கவனித்தேன். மன்னித்துவிடுடா.

ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறதா, இல்லை இன்னும் அந்த போர் தண்ணீர்தானா? காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று ஒருதரம் சோதித்துவிடு. உன் பேரனுக்கு இப்போது இரண்டு வயது இருக்குமா?

உன்,
சேகர்