மியூனிக்கில் எனக்காக ஒரு மணி நேரம் நின்ற அம்மாவுக்கு

பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அதனால்தான் இந்தப் பதிவு. போன மாதம் மியூனிக்கில் ஆல்ப்ஸ் மலை ஓவியக் கண்காட்சி ஒன்றில், எட்வர்ட் தியோடர் காம்ப்டன் படங்களின் முன்னால், ஜெர்மன் குறிப்புகள் ஒரு வரிகூடப் புரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா தானாகவே பக்கத்தில் வந்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார்.

காம்ப்டன் 1849இல் லண்டனில் பிறந்தவர், ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றவர், பவேரியாவில் ஃபெல்டாஃபிங் ஊரில் குடியேறி 1921இல் இறக்கும்வரை வரைவதும் மலை ஏறுவதுமாகவே வாழ்ந்தவர். குறைந்தது முந்நூறு பெரிய மலையேற்றங்கள், அதில் 27 அவருக்கு முன் யாரும் ஏறாதவை! 1919இல், எழுபது வயதில், ஆஸ்திரியாவிலேயே உயரமான, 3,798 மீட்டர் உயர கிராஸ்கிளாக்னர் சிகரத்தில் ஏறியிருக்கிறார்.

ஆனால் அந்த அம்மா காட்டியது வேறு. "பனியின் நிழலைப் பாருங்கள், வெள்ளையே இல்லை, எல்லாம் நீலமும் ஊதாவும்" என்றார். சரிதான், அதுவரை நான் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையின் ஒவ்வொரு விரிசலையும் கையால் பிடித்து ஏறியவன் வரைந்த பாறை அது என்று அப்புறம்தான் புரிந்தது.

அம்மா, நீங்கள் பேருந்தைத் தவறவிட்டது எனக்குத் தெரியும். மனமார்ந்த நன்றி.