பைத்தானில் எண் மாறுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி மொழியில் எழுதிய பகிர்வு நூலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்கும் முறையை மாணவர் பகுதியில் விளக்கியிருந்தீர்கள். நன்று, ஆனால் முக்கியமான ஒரு வரி விடுபட்டுவிட்டது. எடுத்துக்காட்டாக, செம்பனைக் குலைகளின் சராசரி எடையைக் கணக்கிடும் சி ஃபங்ஷன் 'டபுள்' எண்ணை, அதாவது தசம எண்ணைத் தந்தாலும், சி நூலகத்தை அழைக்க உதவும் பைத்தானின் 'சிடைப்ஸ்' தொகுதி, நாம் வகையைச் சொல்லாவிட்டால், அதை முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். 18.6 வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஓர் எண் வரும். பிழைச்செய்தி வராது, அதுதான் ஆபத்து. ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகையைச் சொல்லும் 'ரெஸ்டைப்', அதற்கு நாம் கொடுக்கும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் 'ஆர்க்டைப்ஸ்' இரண்டையும் அழைப்புக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

நூலகத்தை எழுதியது சி பிளஸ் பிளஸ் மொழியில் என்றால், கம்பைலர் ஃபங்ஷன் பெயரை மாற்றிவிடும்; அதைத் தடுக்கும் 'எக்ஸ்டர்ன் சி' என்ற அறிவிப்பு இல்லாமல் ஃபங்ஷன் பெயரே அகப்படாது. விண்டோஸில் 64-பிட் பைத்தான் 32-பிட் டிஎல்எல்லை (விண்டோஸின் பகிர்வு நூலகக் கோப்பை) ஏற்காது. பிழை எண் 193 வரும். 32-பிட் கோப்பையே உருவாக்கும் பழைய கம்பைலர் வைத்திருக்கும் பிள்ளைகள் இதில்தான் முதலில் மாட்டுவார்கள்.

கணினி வகுப்பு ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்