சிவப்பு எரிந்தால் என்ன பொருள்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், வீட்டு மின்சாதனங்களுக்குத் தரநிலை வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் சர்வீஸ் செய்பவன் நான். கம்ப்ளெயின்ட் என்று கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு மேல் மெஷினில் கோளாறே இருக்காது. முன்பக்கம் எரிகிற சின்ன விளக்கு என்ன சொல்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்திருக்காது, அவ்வளவுதான். அதை விளக்கிவிட்டு விசிட்டிங் சார்ஜ் கேட்க எனக்கு மனசு வருவதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு வீடு. வயதானவர்கள் இரண்டே பேர், பிள்ளைகள் வெளியூரில். இன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புப் பொத்தான் ட்ரிப் ஆகி வெளியே வந்துவிட்டது. தெருவில் கரண்ட் இருக்கிறது, இவர்கள் வீடு மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. அதைச் சொல்ல முன்பக்கம் சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. "சிவப்பு எரியுதே தம்பி, அப்ப கரண்ட் இருக்குன்னுதானே நினைச்சோம்" என்றார் அந்த அம்மா. ராத்திரி பேட்டரி காலியாகி, தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, இவர்கள் மட்டும் விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நான் போய் அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தினேன், சரியாகிவிட்டது.

அந்த அம்மா நினைத்ததில் தவறே இல்லை. நம் வீடுகளில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க ஸ்விட்ச் போர்டில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டரைத்தான் பார்க்கிறோம். அதற்குள் இருந்தது நியான் விளக்கு. அதன் இயல்பான ஒளியே ஆரஞ்சு கலந்த சிவப்பு, அதனால் அது அப்படி அமைந்தது. அப்புறம் வந்த எல்.இ.டி.யிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி தந்த முதல் வகை, 1962-இல் வந்தது, சிவப்புதான். மலிவாகக் கிடைத்ததும் அதுவே. ஆகவே மெஷின் ஓடுகிறது என்பதற்கே சிவப்பைப் போட்டார்கள். மும்முனை இணைப்புள்ள வீட்டின் மீட்டர் போர்டைப் பாருங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் எரிந்தால்தான் எல்லா ஃபேஸும் ஒழுங்காக வருகிறது என்று பொருள். அங்கே சிவப்பு அணைந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிரகாசமான நீல எல்.இ.டி. 1990-களில் வந்தது. அதன் பின்னால் இருந்த கண்டுபிடிப்புக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது, பெரிய சாதனைதான். ஆனால் அதற்குப் பிறகு எதைத் திறந்தாலும் நீலம். அது எச்சரிக்கையா, அழகுக்கா என்று எனக்கே மேனுவலைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அதே வீட்டு மோடத்தில், ஃபைபர் சிக்னல் போனால் சிவப்பு மினுக்கும். இங்கே சிவப்பு என்றால் கோளாறு. பக்கத்தில் பச்சை நிலையாக எரிந்தால் இணைப்பு சரி, அதே பச்சை மினுக்கினால் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. சார்ஜ் லைட்டில் பச்சை மினுக்கினால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கருவியில் சிவப்பு ஏறும்போது, பச்சை நிறைந்தபின். இன்னொன்றில் நிறைந்ததும் விளக்கே அணைந்துவிடும். மின்வாரிய மீட்டரில் மினுக்கும் சிவப்போ எவ்வளவு யூனிட் ஓடுகிறது என்று காட்டுவது. அதைப் பார்த்துப் பயந்து மெயினை அணைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெபிலைசர் கதை எனக்கு இன்னும் ஆற்றாமை. ஃபிரிட்ஜ், ஏசி கம்ப்ரஸர் நின்றவுடன் திரும்ப ஓடக்கூடாது. உள்ளே கேஸின் அழுத்தம் சமமாக இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் திணறும். அதற்காகத்தான் ஸ்டெபிலைசர் கொஞ்ச நேரம் காத்திருந்து கரண்ட் விடுகிறது, அப்போது ஒரு விளக்கு எரிகிறது. பல வீடுகளில் அதைப் பார்த்ததும் ஸ்விட்சை அணைத்துப் போடுகிறார்கள். காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மறுபடி அணைக்கிறார்கள். காப்பாற்றுவதற்காக வைத்த விளக்கே ஆளைக் கலங்கடிக்கிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவுக்குச் சின்னது. தெரிந்தாலும் எத்தனை பேர் படிப்பார்கள்?

இதற்கு விதியே கிடையாது என்று சொல்ல முடியாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60073 தரநிலை, சிவப்பு ஆபத்துக்கு, மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலைக்கு, பச்சை எல்லாம் சரி என்பதற்கு என்று வகுத்திருக்கிறது. மருத்துவமனைக் கருவிகளில் எச்சரிக்கை விளக்கு எவ்வளவு வேகமாக மினுக்க வேண்டும் என்பதற்கே தனி விதி இருக்கிறது. தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் கிடைத்த இந்த ஒழுங்கு ஏன் சமையலறைக்கு வரக்கூடாது?

நிறம் மட்டும் போதவும் போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை இதை யோசித்துச் செய்த ஒரு காரியத்தை நான் உங்கள் முன் வைக்கிறேன். உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்ததை, 2020 விதிகளில் அசைவத்துக்கு முக்கோணம் என்று மாற்றினார்கள். நிறம் தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். இவ்வளவு எளிய விஷயம்தான்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் தரும் ஐஎஸ்ஐ முத்திரை பெறும் ஒவ்வொரு வீட்டுச் சாதனத்திலும் சிவப்பு, "நீங்கள் இப்போது ஏதாவது செய்ய வேண்டும்" என்பதற்கு மட்டுமே எரிய வேண்டும். காத்திருந்தால் போதும் என்றால் மஞ்சள். மினுக்குவதற்கு எல்லா மெஷினிலும் ஒரே பொருள் இருக்கட்டும். விளக்குக்குப் பக்கத்தில் படக்குறி ஒன்று கட்டாயம் இருக்கட்டும், மெஷின் விற்கப்படும் மாநில மொழியில் விளக்கம் அதன் உடம்பிலேயே ஒட்டப்படட்டும். மேனுவல் தாள் முதல் வாரத்திலேயே அட்டைப் பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. ஏற்கனவே வீடுகளில் இருப்பவற்றுக்கு இதே விளக்கத்தை ஸ்டிக்கராகக் கம்பெனிகள் கொடுக்கலாம், ஒட்டிவிட எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

தரநிலை வரைவுகளைப் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கும் ஸ்டெபிலைசருக்கும் அடுத்த வரைவு தயாராகும்போது அதைத் தமிழிலும் வெளியிடுங்கள். குழுவில் வீடுவீடாகப் போகிற மெக்கானிக் ஒருவரையும், தனியாக வாழும் முதியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். மாதிரி மெஷினை அந்த முதியவர் முன்னால் வைத்து, விளக்கு என்ன சொல்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் சரியாகச் சொன்ன பிறகு முத்திரை கொடுங்கள்.

இப்படிக்கு,
இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்ப்பவன்,
கும்பகோணம்.